மாநிறத் தோலில் ஸ்ட்ரெட்ச் மார்க் லேசர்: முடிவெடுப்பது முதல் கடைசி சிட்டிங் வரை

முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்: எந்த லேசரும் ஸ்ட்ரெட்ச் மார்க்கை, அதாவது தோல் இழுபட்டு விழும் வரிகளை, முழுக்க அழிக்காது. வரியின் அகலம் குறையும், பள்ளம் கொஞ்சம் மேலேறும், நிறம் சுற்றியுள்ள தோலோடு ஓரளவு சேரும், தடவிப் பார்த்தால் முன்பைவிட வழவழப்பாக இருக்கும். நன்றாக வேலை செய்தால் கிடைப்பது அவ்வளவுதான். அது போதும் என்று தோன்றினால் மேலே படியுங்கள். "நூறு சதவீதம் கியாரண்டி" என்று போர்டு வைத்திருக்கும் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் முன்-பின் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோல்காரர்களுடையவை. அமெரிக்க தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975ல் தொடங்கிவைத்து, பிறகு ஆறாக விரிந்த தோல் வகைகளில் (மிக வெளுத்தது 1, மிகக் கறுத்தது 6) நம்மில் பெரும்பாலோர் 4, 5ல் வருவோம், சிலர் 6. இந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு: சூடு பட்ட இடம் கறுக்கும். வடை சுடும்போது கையில் எண்ணெய் தெறித்த இடம் எத்தனை மாதம் கறுப்பாகவே கிடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். லேசரும் சூடுதான். வரி மங்குவதற்குள் அதைச் சுற்றிக் கறுப்புத் திட்டு வந்துவிட்டால் சிகிச்சை எடுத்ததில் அர்த்தமில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்துத்தான்.

படி 1: வரியின் நிறத்தைப் பாருங்கள்

மேல்தோலுக்குக் கீழே உள்ள அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் இருக்கின்றன. வயிறோ தோளோ தொடையோ வேகமாகப் பெருக்கும்போதும், ஹார்மோன் மாற்றத்தாலும் இவை அறுந்துபோகின்றன. இழை விட்டுப்போன துணிக்கு எவ்வளவு இஸ்திரி போட்டாலும் இழை திரும்பாது அல்லவா, அப்படித்தான் இதுவும். லேசர் செய்வது வேறு வேலை. கணக்காகச் சூடு கொடுத்து, அந்த இடத்தில் புதிய கொலாஜனை உருவாக்கும்படி உடம்பைத் தூண்டுகிறது.

புதிய வரியில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். வெளுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியும். நமக்குக் கருஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு, சில சமயம் வெறும் கறுப்புக் கோடு. லேசாகப் புடைத்திருக்கும், அரிக்கும். சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடங்களுக்குள் அது வெளிறி, சுருங்கி, உள்வாங்கிய வெள்ளைக் கோடாகிறது. புதிய வரி சிகிச்சைக்கு நன்றாக மசியும். வெள்ளை வரி பிடிவாதம் பிடிக்கும். பிரசவமாகி நான்கு மாதமான பெண்ணும் பன்னிரண்டு வருடமான பெண்ணும் ஒரே இயந்திரத்தில் ஒரே பலனை எதிர்பார்க்க முடியாது.

வரி புதிதாக இருந்தால் லேசருக்கு முன்பே கேட்டுப் பார்க்க வேண்டிய ஒரு மருந்து இருக்கிறது: டிரெடினாயின் கிரீம். புதிய வரிகளின் நீளத்தையும் அகலத்தையும் இது குறைப்பது 1990களிலேயே ஆய்வில் காட்டப்பட்டது. லேசரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் தொடவே கூடாது. பால் கொடுப்பவர்களுக்கும் பொதுவாகத் தருவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. கோகோ பட்டர், ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய் எல்லாம்? தடுப்பதற்குப் பூசும் கிரீம், எண்ணெய்கள் பற்றிய ஆய்வுகளை 2012ல் காக்ரேன் அமைப்பு ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, எதுவும் வரியைத் தடுப்பதாகத் தரமான சான்று கிடைக்கவில்லை. அரிப்புக்கு இதமாக இருக்கும், பூசிக்கொள்ளுங்கள். அதற்குமேல் காசு கொட்ட வேண்டாம்.

படி 2: வரி ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கர்ப்பம், பருவ வயது வளர்த்தி, சட்டென்று எடை கூடுவது, ஜிம்மில் வேகமாகத் தோளும் கையும் ஏற்றுவது - இவை தெரிந்த காரணங்கள். பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

ஆனால் நம் ஊரில் பேசப்படாத ஒரு காரணம் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வருகிறது. தொடை இடுக்கில் படர்தாமரை, அரிப்பு என்று கேட்டதும் கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. முகம் வெளுக்க என்று விற்கும் சில கிரீம்களிலும் உண்டு. தொடை இடுக்கிலும் அக்குளிலும் இதை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அகலமான வரிகள் விழும். படிக்கிற பையன்கள் பலருக்கு இப்படித்தான் வருகிறது. வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நடைமுறை எப்படி என்பது உங்களுக்கே தெரியும். களிம்பை நிறுத்தாமல் லேசர் செய்வது வீண். ஆனால் நீண்ட நாள் பூசியதைத் தடாலென நிறுத்தினாலும் தோல் சிவந்து எரியலாம், அதனால் நிறுத்தும் விதத்தையும் தோல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான, அடர் ஊதா நிற வரிகள், கூடவே முகம் உப்புவது, லேசாக இடித்தாலும் கன்றிப்போவது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுவது என்றால் போக வேண்டியது பொது மருத்துவரிடம். உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்துவிடும் குஷிங் நோயாக இருக்கலாம்.

படி 3: நேரம் பாருங்கள்

கர்ப்ப காலத்தில் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் வரை விடுங்கள். வயிறு சுருங்க வேண்டும், எடை ஒரு நிலைக்கு வர வேண்டும், ஹார்மோன் தணிய வேண்டும். பல வரிகள் இந்தக் காலத்தில் தானாகவே மங்கும். ஒன்றிரண்டு வருடத்தில் அடுத்த குழந்தை என்ற யோசனை இருந்தால் இப்போது பணத்தைப் போடாதீர்கள். வயிறு தொங்குவதற்கும் லேசருக்கும் சம்பந்தமில்லை. நடுவயிற்றுத் தசை விலகியிருந்தால் அதற்குப் பிசியோதெரபி. சதை மடிப்பு பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. இரண்டையும் லேசர் சரிசெய்யும் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பருவமும் முக்கியம். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து ஒழுகும் வயிற்றில் புண் ஆறுவது சிரமம், வியர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். கார்த்திகையில் தொடங்கினால் மாசிக்குள் இரண்டு மூன்று சிட்டிங் முடிந்துவிடும்.

படி 4: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. முடித்தவராக இருக்க வேண்டும். "காஸ்மெடாலஜிஸ்ட்" என்ற பட்டம் மட்டும் போட்டிருந்தால் அடிப்படைப் படிப்பு என்ன என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதல் ஆலோசனையை வாங்கிக்கொள்ளலாம். லேசர் அவசியமா இல்லையா என்பதை அங்கே வியாபார நோக்கம் இல்லாமல் சொல்வார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்த வகை லேசர், என்ன அலைநீளம்? என் நிறத்திலுள்ள ஆட்களுக்கு, முகத்தில் அல்ல, வயிற்றில் செய்த படங்கள் இருக்கின்றனவா? லேசரைக் கையில் பிடிக்கப்போவது நீங்களா, டெக்னீஷியனா? கறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள், அதற்குத் தனிக் கட்டணமா? கடைசிக் கேள்விக்கு "அப்படியெல்லாம் ஆகாது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

படி 5: எந்த இயந்திரம்?

இதில்தான் நிதானம் வேண்டும். "லேசர்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும் ஒவ்வொன்றும் தோலில் தேடுவது வேறு.

பல்ஸ்டு டை லேசர், 585 அல்லது 595 நானோமீட்டர், ரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தேடிச் சூடாக்கும். சிவந்த புது வரிகளுக்குப் பேர்போனது. சிக்கல் என்னவென்றால் அதே ஒளியை, தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இழுத்துக்கொள்ளும். நம் தோலில் ரத்தக் குழாயைச் சேருமுன் மேல்தோலிலேயே சூடு இறங்கி, கொப்பளமோ கறுப்போ வரலாம். அதே வேலைக்கு 1064 நானோமீட்டர் லாங் பல்ஸ் என்டி-யாக் நமக்குப் பாதுகாப்பானது. அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும்.

வெளிறி உள்வாங்கிய பழைய வரிகளுக்கு ஃப்ராக்ஷனல் லேசர்கள். 2004ல் பாஸ்டனில் மான்ஸ்டைன், ஆண்டர்சன் குழுவினர் அறிமுகப்படுத்திய முறை இது. தோல் முழுவதையும் சுடாமல், மயிரிழை அளவு நுண்தூண்களாக மட்டும் சூடு இறக்கி, இடையில் ஆரோக்கியமான தோலை விட்டுவைப்பார்கள். அந்தத் தோல்தான் காயத்தை வேகமாக ஆற்றுகிறது. இதில் இரண்டு ரகம். 1540, 1550 நானோமீட்டர் எர்பியம் கிளாஸ் மேல்தோலை உரிக்காமல் உள்ளே சூடாக்கும். சில நாள் சிவப்பு, வீக்கத்தோடு போய்விடும். 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர் நுண்துளைகளையே போடும். பலன் அதிகம், புண்ணும் அதிகம். இந்த லேசரை 1964ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் நம்மவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். இந்த இரண்டு ரகமும் தோலிலுள்ள நீரைத்தான் குறிவைக்கின்றன, மெலனினை அல்ல. "அப்படியானால் கறுக்காதே" என்று சிலர் சொல்வார்கள். முதல் சூடு மெலனினில் இறங்காதுதான். ஆனால் பிறகு வரும் அழற்சி நிறமிச் செல்களைக் கிளப்பிவிடும். கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் பிறகு நம் தோலில் அடிக்கடி வரும் பக்கவிளைவு இந்தக் கறுப்புதான்.

அதனால் இயந்திரத்தில் வைக்கும் அமைப்புகளை (செட்டிங்) பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பைத் தீர்மானிப்பதில் துளைகளின் நெருக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் தோலுக்கு நெருக்கத்தைக் குறைத்து, சிட்டிங் எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது. வயிற்றிலும் தொடையிலும் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் முகத்தைவிடக் குறைவு. புதிய தோல் முளைப்பது அவற்றிலிருந்துதான். ஆகவே முகப்பரு வடுவுக்கு வைக்கும் அமைப்பை அப்படியே வயிற்றில் வைக்கக் கூடாது. டாக்டரிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

வெள்ளை வரியில் நிறத்தை வரவழைக்க 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் இருக்கிறது, வெண்புள்ளிக்குப் பயன்படுவதுதான். நிறம் கொஞ்சம் வரும், பள்ளம் மாறாது. சுற்றியுள்ள தோலும் சேர்ந்து கறுத்தால் வரி இன்னும் எடுப்பாகத் தெரியும்.

லேசர் அல்லாத ஒன்றையும் இந்தப் பட்டியலில் வைக்க வேண்டும்: நுண்ணூசிகள் வழியாக ரேடியோ அலைச் சூட்டை ஆழத்தில் கொடுக்கும் மைக்ரோநீடில் ஆர்.எஃப். மேல்பகுதி காப்பிடப்பட்ட ஊசிகளாக இருந்தால் சூடு மேல்தோலை விட்டுவிட்டு உள்ளேதான் இறங்கும். சூடே இல்லாத வெறும் மைக்ரோநீட்லிங்கும் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு நிகரான பலனை, குறைந்த கறுப்போடு தந்த ஆய்வுகள் உண்டு. என் கருத்தைக் கேட்டால், 5, 6ம் வகைத் தோலுக்கு முதலில் பேச வேண்டியது இந்த ஊசி முறைகள். 4ம் வகைக்கு எர்பியம் கிளாஸ். கார்பன் டை ஆக்சைடு கடைசியில், அதுவும் ஆழமான பழைய வரிக்கு மட்டும். லேசர் அல்லாத, பல அலைநீள ஒளியைப் பாய்ச்சும் ஐ.பி.எல். கருவியும் வீட்டில் வைத்துச் செய்யும் சாதனங்களும் இந்த வேலைக்கு வேண்டாம்.

படி 6: பணப் பேச்சு

சிட்டிங் கணக்கா, பகுதிக் கணக்கா என்று கேளுங்கள். வயிறு ஒரு பகுதி, இரண்டு பக்க இடுப்பும் தனி என்று பில் வரலாம். அழகுக்கான சிகிச்சை என்பதால் ஜி.எஸ்.டி. சேரலாம், இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது. ஆறு சிட்டிங் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் சிட்டிங்கில் கறுத்துவிட்டால் மீதியை எப்படி வாங்குவது? ஒவ்வொன்றாகக் கட்டுங்கள்.

படி 7: சோதனைப் புள்ளி

அடிவயிற்றில் துணி மறைக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் லேசர் செய்துவிட்டு நான்கு வாரம் காத்திருங்கள். கறுப்பு உடனே வராது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில்தான் தலைகாட்டும். இரண்டு நாளில் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வாரம் முழுசாகச் செய்யலாம்" என்பது சோதனையே அல்ல. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

படி 8: முந்தைய வாரங்களும் அந்த நாளும்

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: கீலாய்டு, அதாவது காயம்பட்ட இடத்தில் தடித்துப் பெருக்கும் வடு, வளரும் உடம்பு (தோள், மார்பு வரிகளோடு வரும் ஜிம் ஆட்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த இடங்களில்தான் அது அதிகம் வளரும்), வெண்புள்ளி, சோரியாசிஸ், கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோடிரெடினாயின், வெயில் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டாக்ஸிசைக்ளின் போன்றவை. வேக்சிங், ப்ளீச், ஸ்க்ரப் எல்லாவற்றையும் சில வாரம் முன்பே நிறுத்துங்கள். டிரெடினாயினையும் டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்த வேண்டும். வெயிலில் கறுத்த தோலோடு போகாதீர்கள்.

எல்லா வரிகளையும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் எடுப்பதை நம்பி இருக்க வேண்டாம்.

அன்றைக்கு முதலில் மரப்புக் கிரீம் பூசி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் தாளால் மூடுவார்கள். இதை வீட்டிலேயே வயிறு, தொடை எல்லாம் அப்பிக்கொண்டு வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெரிய பரப்பில் பூசிப் பொத்தினால் மருந்து ரத்தத்தில் கலந்து வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். லேசர் முடி நீக்கத்துக்காக இப்படிக் கால் முழுக்கப் பூசிச் சுற்றிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்த பிறகு 2007ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கையே விட்டது.

உள்ளே போனதும் அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி உங்களுக்கும் தர வேண்டும். குளிர்காற்று ஊதுவார்கள். சுருக் சுருக்கென்று சூடாகக் குத்தும், கருகின வாடை வரும், வயிறு முழுவதற்கும் அரை மணி ஆகலாம். தாங்க முடியாத எரிச்சல் ஒரே இடத்தில் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 9: பிறகு பார்த்துக்கொள்வது

முதல் நாள் வெயிலில் வெந்த மாதிரி எரியும். துணியில் சுற்றிய ஐஸ் பை, டாக்டர் கொடுத்த களிம்பு அல்லது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. கார்பன் டை ஆக்சைடு செய்திருந்தால் பழுப்பு நிறப் பொடிப் பொருக்குகள் கட்டும். உடம்பில் அவை உதிர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பிய்க்கவே கூடாது. குளிக்கலாம், தேய்க்க வேண்டாம். நலங்குமாவு, கடலைமாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் புண் ஆறும்வரை வேண்டாம். பாட்டி சொன்னாலும் சரி.

ஆங்கில வழிகாட்டிகளில் இல்லாத ஒன்று: பாவாடை நாடா. இறுக்கிக் கட்டிய நாடா உரசியே இடுப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! லேசர் செய்த தோலில் அந்த அழுத்தம் பட்டால் கறுப்பு நிச்சயம். லெக்கிங்ஸ் எலாஸ்டிக், ஜீன்ஸ், பெல்ட் எல்லாம் இதே கணக்குதான். இரண்டு வாரத்துக்குத் தளர்ந்த பருத்தி நைட்டியோ வேட்டியோதான் உத்தமம். வேலைக்குப் போகிறவர்கள் சுடிதாரின் நாடாவை வரிகளுக்கு மேலே அல்லது கீழே வரும்படி தளர்த்திக் கட்டுங்கள். பிரசவ பெல்ட்டும் அதுவரை வேண்டாம். சேலையில் தெரியும் இடுப்புப் பக்கத்துக்கு, பொருக்கு உதிர்ந்ததும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள்.

சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல், பெரிய கொப்பளம் - இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

படி 10: கறுத்துவிட்டால்

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில மாதங்களில் தானே மங்கும். உரசலையும் வெயிலையும் தவிர்த்து, டாக்டர் தரும் அசிலாயிக் அமிலம் போன்ற கிரீமைப் பூசினால் சீக்கிரம் குறையும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அந்தக் கறுப்பை எடுக்க என்று உடனே இன்னொரு லேசர். வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். அது வரியைப் போடும் மருந்து. கறுப்பு முழுக்கத் தெளியும்வரை அடுத்த சிட்டிங்கைத் தள்ளிப்போடுங்கள்.

படி 11: எத்தனை சிட்டிங், எப்போது நிறுத்துவது

வழக்கமாக மூன்றிலிருந்து ஆறு. இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள்; நம் தோலுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் விட்டால் கறுப்பு வருகிறதா என்று பார்க்க அவகாசம் கிடைக்கும். கொலாஜன் மெதுவாக வளர்வது. கடைசி சிட்டிங்குக்குப் பிறகும் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை மாற்றம் தொடரும்.

மூன்றாவது சிட்டிங் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பழைய படங்களை எடுத்து அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒப்பிடுங்கள். வீட்டில் வேறு ஒருவரிடமும் காட்டுங்கள், எது முன், எது பின் என்று சொல்லாமல். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் நான்காவதற்குப் பணம் கட்டாதீர்கள். வேறு முறைக்கு மாறுவதா, நிறுத்துவதா என்று டாக்டரிடம் பேசுங்கள். மாற்றம் தெரிந்து, அது உங்களுக்குப் போதும் என்று பட்டாலும் நிறுத்திக்கொள்ளலாம், ஆறு போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஃப்ராக்ஷனல் முறையில் வளர்ந்த கொலாஜன் நிலைக்கும். எக்ஸைமரில் வந்த நிறம் அப்படி இல்லை, சில மாதங்களில் மங்கத் தொடங்கும், மறுபடி மறுபடி போக வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.